ஆறு கதவுக் கோழிக்கூடு

1

அந்த யோசனை எனக்கு வந்த இடம் ஒரு குட்டி நாற்காலி. எட்டு வயதுப் பிள்ளைகள் உட்காருகிற நாற்காலி. முழங்கால் இரண்டும் தாடையை இடித்துக்கொண்டிருந்தன. பக்கத்தில் அதே மாதிரி நாற்காலிகளில் ஸ்டெல்லா அக்காவும் அவளுடைய கணவர் அந்தோனி மச்சானும். எதிரே, அவர்களின் ஒரே மகள் ரோஷினியின் வகுப்பாசிரியை. பெற்றோர் சந்திப்புக்கு நான் போயிருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் எதையாவது பார்க்கலாம் என்றால் எனக்கு வீட்டில் கால் தரிக்காது.

நியூசிலாந்தின் தென் தீவில் ஒரு சின்ன நகரம் இது. பாதி நாள் பனிமூட்டத்துக்குள் காணாமல் போய், மத்தியானத்தில் திரும்பி வரும். மேற்படிப்புக்காக வந்து அக்கா வீட்டில் தங்கியிருக்கிறேன். இலங்கை மலையகத்தில் லிந்துலைக்கு மேலே பிறந்தவனுக்கு மூட்டம் புதிதில்லை. மூட்டத்துக்குள்ளிருந்து கொழுந்துக் கூடையோடு யாரும் வெளியே வருவதில்லை என்பது மட்டும்தான் புதிது.

ஆசிரியை அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். “உங்களை நினைத்தால் பொறாமையாக இருக்கிறது. ஒரு பூந்தோட்டத்துக்குள்ளேயே பிறந்து வளர எத்தனை பேருக்குக் கொடுத்துவைத்திருக்கிறது!”

அக்கா என்னைப் பார்த்தாள். நான் மச்சானைப் பார்த்தேன். மச்சான் ஜன்னலைப் பார்த்தார்.

சுவரில் ரோஷினி வரைந்த படம் ஒட்டியிருந்தது. நடுவில் இரட்டைச் சடையோடு அக்கா. சுற்றிலும் ஆள் உயரப் பூக்கள், பூக்களுக்கு இடையில் கோழிகள். ஒரு மூலையில் தொப்பி போட்ட ஒரு மனிதர், கையில் பிரம்பு. “இவர்தான் தோட்டக்காரராம்,” என்றார் ஆசிரியை. “தினமும் காலையில் வந்து எல்லாச் செடிகளையும் பார்த்துவிட்டுப் போவாராம். தோட்டத்துக்குள்ளேயே மருந்துச்சாலை இருந்ததாம், கோயில் இருந்ததாம், ஒரு தொழிற்சாலைகூட இருந்ததாம். எவ்வளவு அழகான கற்பனை!”

எனக்குச் சிரிப்பு வந்தது. எஸ்டேட்டையே நிர்வகிக்கிற துரையைப் பிள்ளை தோட்டக்காரராக்கிவிட்டாள்.

திரும்பும்போது மச்சான் காரை ஓட்டினார். பின்சீட்டில் என் தோளில் சாய்ந்துகொண்டு ரோஷினி கேட்டாள்: “மாமா, அம்மாவின் தோட்டத்தில் கோழிகள் எங்கே உறங்கின?”

வாயைத் திறந்தேன். முன்சீட்டுக் கண்ணாடியில் மச்சானின் கண்கள் தெரிந்தன. மூடிக்கொண்டேன். அப்போதுதான் அந்த யோசனை வந்தது. வாயால் சொல்ல முடியாவிட்டால் என்ன, மண்ணைக் கிளறிப் பார்ப்போமே. வீட்டுக்குப் பின்னால் லீக்ஸும், நாங்கள் கோவா என்கிற முட்டைக்கோசும் போட்டு, நாலைந்து கோழியும் விட்டால், பிள்ளை கேட்கிற கேள்விகளுக்குப் பதில் தானாக முளைத்து வராதா?

அப்படித்தான் நினைத்தேன். எனக்கு எல்லா யோசனையும் வரும்போது அப்படித்தான் இருக்கும்.

2

ஊரில் இருந்து வாசிக்கிறவர்களுக்கு இந்தக் குழப்பம் உடனே புரிந்திருக்கும். நமக்குத் தோட்டம் என்றால் தேயிலைத் தோட்டம். பிறந்த இடத்தைக் கேட்டால் “தோட்டத்துல” என்போம், லீவுக்கு எங்கே என்றால் “தோட்டத்துக்குப் போறோம்” என்போம். நம் வாயில் அந்தச் சொல்லுக்குள் ஒரு மலை, நாலு டிவிஷன், ஆயிரம் பேர். ரோஷினியோ தமிழைச் சனிக்கிழமை வகுப்பில் படிக்கிறாள். அங்கே தோட்டம் என்றால் வீட்டுக்குப் பின்னால் நாலு கத்தரிச் செடி. அக்கா சமைக்கும்போது சொல்கிற கதையெல்லாம் அந்த நாலு செடிக்கு நடுவே நடந்ததாக இவ்வளவு காலமும் பிள்ளை நம்பிக்கொண்டிருந்திருக்கிறாள்.

அவள் பேசுகிற தமிழும் அந்த வகுப்புத் தமிழ்தான். “நான் உணவருந்திவிட்டேன்” என்பாள். மச்சான் அவளை “வானொலி நிலையம்” என்றுதான் கூப்பிடுவார்.

வீட்டுக்கு வந்து, பிள்ளை மாடிக்குப் போனதும் அக்கா ஆரம்பித்தாள்.

“ஏங்க, நாளைக்கே டீச்சருக்கிட்ட போயி சொல்லிடவா?”

“என்னன்னு சொல்லுவ? அது பூவெல்லாம் இல்லைங்க, லயம்ங்க, பத்தடிக்குப் பன்னெண்டடி ஒத்த காம்பராங்கன்னா?”

“டீச்சரு கெடக்கட்டும். எம் புள்ளைக்கு நான் எங்க பொறந்தேன்னு தெரிய வேணாமா?”

“தெரிஞ்சு?” மச்சான் சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்தார். “தெரிஞ்சு என்ன செய்யப் போறா? படம் நல்லாத்தானே இருக்கு. இருந்துட்டுப் போகட்டும்.”

மச்சானும் எங்களைப் போல மலையகத்தில் பிறந்தவர், டயகமக்காரர். ஆனால் ‘தோட்டம்’ என்று அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. ‘ஊரு’ என்றுதான் சொல்வார். அக்கா ஒருநாள் காரணத்தைச் சொன்னாள். வந்த புதிதில் இங்குள்ள தமிழர்கள் கூடிய ஒரு பிறந்தநாள் விருந்துக்குப் போயிருக்கிறார்கள். எந்த இடம் என்று ஒருவர் கேட்க, மச்சான் டயகம என்றிருக்கிறார். “ஓ, தோட்டக்காட்டான்!” என்று, எங்கள் ஆட்களை மட்டம் தட்டுகிற அந்தச் சொல்லை அவர் பகிடியாகச் சொல்லி, மச்சானின் முதுகில் தட்டியிருக்கிறார். சுற்றி நின்றவர்கள் சிரிக்க, மச்சானும் சிரித்திருக்கிறார். அன்றைக்கு ரோஷினி கைக்குழந்தை. வீட்டுக்கு வந்து அவளைத் தொட்டிலில் போட்டபோது மச்சான் சொன்னாராம், இவள் காதில் இது விழக்கூடாது என்று. அன்றிலிருந்து வீட்டில் பிள்ளை காதுபட லயம் என்ற சொல் இல்லை; தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் ஒரு காம்பராவுக்கு, அதாவது ஓர் அறைக்கு, ஒன்றாக வாழ்கிற வரிசை வீடு அது. அக்கா தோட்டம் தோட்டம் என்று கதை சொல்வாள். லயம் வருகிற இடத்தில் கதையை நிறுத்திவிட்டுக் குழம்பைக் கிண்டுவாள்.

“தம்பி,” என்றாள் அக்கா என்னிடம், மச்சான் குளிக்கப் போன பிறகு. “இவ பெரியவளாகி, யாரோ ஒருத்தர் சொல்லி இவளுக்குத் தெரிய வந்துச்சுன்னா, அம்மா ஏன் மறைச்சான்னுதான் கேப்பா. லயத்துல இருந்ததுக்கு நான் வெக்கப்படல. வெக்கப்பட்டேன்னு இவ நெனச்சிருவாளோன்னுதான் பயமா இருக்கு.”

நான் உடனே என் திட்டத்தை விரித்தேன். பாத்தி, கோழி, உரம், எல்லாம். அக்கா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, “புல்லை வெட்ட உங்க மச்சான் விடுவாரா?” என்றாள்.

3

மச்சானின் புல்வெளி பற்றிச் சொல்ல வேண்டும். அவர் வேலை செய்வது பாலைப் பொடியாக்கிப் பால்மா செய்யும் தொழிற்சாலையில். வாரம் முழுக்க இயந்திரச் சத்தம். சனிக்கிழமை காலையில் பின்பக்கப் புல்லை வெட்டுவது அவருக்குப் பூசை மாதிரி. கோடு கோடாக வெட்டி, ஓரங்களைச் சீவி, பிறகு தேநீர்க் கோப்பையோடு நின்று பார்த்துக்கொண்டிருப்பார். எதுவும் விளையாத ஒரு நிலம், யாரும் எதையும் பறிக்க வேண்டாத ஒரு பச்சை.

“மம்பட்டி புடிக்கவா மாப்ள பிளேன் ஏறி வந்தேன்?”

“நீங்க புடிக்க வேணாம் மச்சான். நான் புடிக்கிறேன்.”

“நீ பேனாவையே ஒழுங்காப் புடிக்க மாட்டேங்கிற.”

கடைசியில் வேலியோரமாக ஒரு துண்டு கிடைத்தது. அதுவும் ரோஷினி போய், “அப்பா, தயவுசெய்து எனக்குச் சிறிதளவு நிலம் வழங்குங்கள்,” என்று கேட்டதால். வானொலி நிலையமே வந்து கேட்டால் மறுக்க முடியுமா?

நாற்று வாங்கப் போனது ஒரு தனிக் கூத்து. லீக்ஸ் கிடைத்தது, கோவா கிடைத்தது, கெரட் விதை கிடைத்தது. நோக்கோல், அதாவது நூல்கோல், மட்டும் கண்ணில் படவில்லை. கடைக்காரரிடம் போய், நம் ஊரில் ஆங்கிலத்திலும் அதைத்தானே சொல்வார்கள் என்ற தைரியத்தில், “நோக்கோல் இருக்கிறதா?” என்றேன். அவர் முகத்தைச் சுருக்கி, “நோ கோல்? நிலக்கரி இல்லையா?” என்றார். “இல்லை, நோக்கோல்தான் வேண்டும்,” என்றேன். “நாங்கள் நிலக்கரி விற்பதில்லை. பெட்ரோல் நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்,” என்றார் மிகுந்த அக்கறையோடு. குளிரில் கணப்புக்கு எதுவுமில்லாத குடும்பம் என்று நினைத்துவிட்டார் போல. கைபேசியில் படத்தைக் காட்டிய பிறகுதான் சிரித்துக்கொண்டு வேறு ஒரு பெயர் சொன்னார். அந்தப் பெயர் எனக்கு இன்னும் வாயில் நுழையவில்லை. எங்கள் பாத்தியில் முளைத்திருப்பது நோக்கோல்தான்.

கோழிக்கு நகரசபையிடம் கேட்க வேண்டும் என்றார்கள். தொலைபேசியில் ஓர் அதிகாரி பொறுமையாக வேலிக்கும் கூட்டுக்கும் உள்ள இடைவெளி, எலி வராத தீவனப் பெட்டி என்று ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டு, “செல்லப்பிராணியாகவா, கால்நடையாகவா?” என்றார். நான் தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு வீட்டாரைப் பார்த்தேன்.

“முட்டைக்குன்னு சொல்லு,” என்றாள் அக்கா.

“கொழம்புக்குன்னு சொல்லு,” என்றார் மச்சான் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்து.

“தோழிகளாக,” என்றாள் ரோஷினி.

மூன்றையும் மொழிபெயர்த்தேன். அதிகாரி சிரித்துவிட்டு, சேவல் மட்டும் கூடாது, கூவினால் அயலவர் முறைப்பாடு செய்வார்கள் என்றார். மச்சான் செய்தித்தாளை இறக்கினார். “சேவல் இல்லாம இந்த ஊரு எப்படி மாப்ள விடியுது?”

கோழி விஷயத்தில் அவர் தானாக ஒரு கேள்வி கேட்டது அதுதான் முதல் தடவை. நான் அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டேன்.

4

இங்கே செப்டெம்பரில் வசந்தம். காலையில் பாத்திக்குப் போனால் மண் குளிர்ந்து, கறுத்து, பிசுபிசுவென்று இருக்கும். குனிந்து ஒரு பிடி எடுத்தால் போதும், நான் இந்த நாட்டில் இல்லை.

எங்கள் லயத்துக்குப் பின்னால் சரிவு. சுவருக்கும் சரிவுக்கும் நடுவே தண்ணீர் ஓடும் கானை ஒட்டி ஒரு நாடா அளவு நிலம். அதில் அப்பா லீக்ஸ் போட்டிருப்பார். வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகும் முன் விடியலில் அவர் குனிந்திருப்பது மூட்டத்துக்குள் ஒரு கறுப்புப் புள்ளியாகத் தெரியும். மூட்டம் நகரும்போது புள்ளியும் நகர்ந்த மாதிரி இருக்கும். ஆனால் அப்பா அதே இடத்தில்தான் இருப்பார். கோவா இலைகளின் மேல் பனி உருண்டு உருண்டு நிற்கும். நான் ஒவ்வோர் இலையையும் சாய்த்து அந்தத் தண்ணீரைக் குடிப்பேன். ஒரு ருசியும் இல்லாத தண்ணீர். இன்றுவரை அதைப்போல ஒன்றைக் குடித்ததில்லை.

கோழிகள் எல்லாக் காம்பராவுக்கும் உண்டு. பகலில் எல்லாமே ஒரே கூட்டமாகத் திரியும். மாலையில் எது யாருடையது என்பதில் பெரிய வழக்கு நடக்கும். அதனால் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நிறம். பழைய சேலையில் கிழித்த நாடாவைக் கோழியின் காலில் கட்டிவிடுவார்கள். எங்களுடையது சிவப்பு. பக்கத்துக் காம்பரா நீலம். ஒருமுறை சிவப்பும் நீலமும் ஒரே காலில் கட்டிய கோழி ஒன்று திரிந்தது. அது இரண்டு வீட்டிலும் தின்று, மூன்றாவது வீட்டில் முட்டையிட்டுக்கொண்டிருந்தது. லயமே அதைத் “தலைவரு” என்று கூப்பிட்டது.

இப்படி நான் நாற்றுகளுக்கு நடுவே குந்தியபடி லிந்துலையில் இருக்கும்போது, “மாமா, நீங்கள் ஏன் மண்ணைப் பார்த்துப் புன்னகைக்கிறீர்கள்?” என்று தலைக்கு மேலே வானொலி கேட்கும். என்ன சொல்வது? அவளிடம் சொல்லக்கூடாத சொல் ஒன்று எங்கள் எல்லோருக்கும் நடுவில் கிடந்தது. கோவாத் தண்ணீரைக் குடிக்கச் சொல்லிக் கொடுத்தேன். குடித்துவிட்டு, “சுவையற்றது,” என்றாள். இன்னொரு இலைக்குத் தாவினாள்.

5

கூட்டை நான்தான் கட்டுவதாக இருந்தது. இணையத்தில் வரைபடம் பார்த்து, பலகை வாங்கி, முதல் நாளிலேயே கட்டைவிரலில் சுத்தியலைப் போட்டுக்கொண்டேன். மறுநாள் நான் கட்டியது காற்றுக்குச் சாய்ந்தது. மச்சான் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தேநீர் முடியும்வரை பார்த்தார். பிறகு வெளியே வந்து, ஒன்றும் பேசாமல் சுத்தியலை என் கையிலிருந்து எடுத்துக்கொண்டார்.

“தள்ளு. ஆணிக்கே வெக்கமா இருக்கு.”

இரண்டு சனிக்கிழமைகள் புல் வெட்டப்படவில்லை. வரைபடத்தை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அளவெல்லாம் முழக்கணக்கு. மழைக்கு ஒதுங்கவும் இல்லை. விசிலடித்துக்கொண்டே வேலை செய்தார். அவருக்கு விசிலடிக்கத் தெரியும் என்று அக்காவுக்கே அன்றுதான் தெரிந்தது. முடித்துவிட்டு எங்களைக் கூப்பிட்டார்.

போய் நின்றோம். ஆறு கோழிக்கு ஆறு அறை. எல்லாம் ஒரே வரிசை, நடுவில் பொதுச் சுவர், ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு சின்னக் கதவு. மேலே முழு நீளத்துக்கும் ஒரே தகரக் கூரை. முன்பக்கம் கூரை கொஞ்சம் நீண்டு வாசலுக்கு நிழல் தந்தது. கீழே தண்ணீர் ஓட ஒரு கான்கூட வெட்டியிருந்தார்.

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். கைக்குள்ளிருந்து தானாக வந்துவிட்டது.

“ஏங்க… இது லயமில்ல?”

மச்சான் திரும்பித் தன் வேலையைப் பார்த்தார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். அதுவரை அவர் அதைப் பார்க்கவேயில்லை என்பது முகத்தில் தெரிந்தது. கை தனக்குத் தெரிந்த வீட்டைக் கட்டியிருந்தது.

“லயம் என்றால் என்ன?” என்றாள் ரோஷினி.

“ஒண்ணுமில்ல. கோழி வீடு,” என்றார் மச்சான். குரல் ஒரு மாதிரி இருந்தது. “பிரிச்சிட்டு வேற மாதிரி கட்டிடுறேன்.” சுத்தியலின் பின்பக்கத்தால் ஓர் ஆணியை நெம்பவும் ஆரம்பித்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்துக் கோழிகள் வந்துவிட்டன. நகருக்கு வெளியே பண்ணை வைத்திருக்கிற ஒரு பெண், அட்டைப் பெட்டிகளில் ஆறு கோழியை வாகனத்தில் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினாள். கூட்டைப் பார்த்து, “இவ்வளவு ஒழுங்கான ஒன்றை நான் பார்த்ததே இல்லை, யார் வடிவமைத்தது?” என்று கேட்டாள். மச்சான் நெம்பிய ஆணியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

ரோஷினி ஆறு கோழிக்கும் பெயர் வைத்து, ஒவ்வோர் அறையாக விட்டாள். அக்கா உள்ளே போய் எதையோ எடுத்து வந்தாள். பிறந்தநாள் பரிசுப் பொதியில் வந்த சிவப்பு நாடா. குந்தியிருந்து, ஒவ்வொரு கோழியின் காலிலும் கட்டினாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் எதையும் யோசித்துச் செய்யவில்லை.

“ஏன் அம்மா கட்டுகிறீர்கள்?”

“நம்ம கோழின்னு தெரியணும்ல.”

“இந்தத் தெருவில் நம்மிடம் மட்டும்தானே கோழி இருக்கிறது.”

“பக்கத்துக் காம்பரா கோழியோட கலந்துருமே…” என்று வந்த பேச்சை அக்கா அங்கேயே நிறுத்திக்கொண்டாள். கையில் பாதி முடிச்சு.

ரோஷினி அம்மாவைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், கூட்டைப் பார்த்தாள்.

வெயில் சாய்ந்தது. மூட்டம் வேலியைத் தாண்டி மெல்ல உள்ளே வந்துகொண்டிருந்தபோது ரோஷினியின் குரல் கேட்டது. அழுகிற குரல். எல்லோரும் ஓடினோம். ஐந்து அறைகள் காலி. ஆறு கோழியும் முதல் அறைக்குள். ஒன்றின் மேல் ஒன்று நெருக்கி, ஒரே இறகு மூட்டையாகக் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தன.

“நான் ஒவ்வொருவருக்கும் தனி அறை கொடுத்தேன்,” என்றாள் ரோஷினி மூக்கை உறிஞ்சி. “இவர்கள் ஏன் இப்படி இருக்கிறார்கள்? இடம் போதாதே.”

மச்சான் குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தார். அவர் தோள்கள் குலுங்கின. அழுகிறாரோ என்று அக்கா பயந்து ஓரடி முன்னால் போனாள். சிரித்துக்கொண்டிருந்தார். அடக்க முடியாத சிரிப்பு. ஈரப் புல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“டிவி காம்பரா!” என்றார். “ஸ்டெல்லா, இது டிவி காம்பராடி! எங்க லயத்துல ஒரே ஒரு காம்பராலதான் டிவி. பொழுது சாஞ்சா அம்புட்டுப் பேரும் அதுக்குள்ள. காலு மேல காலு, தலை மேல தலை. மிச்சக் காம்பரா எல்லாம் இப்படித்தான், தொறந்து கெடக்கும்.”

பிறகு நிறுத்தவே முடியவில்லை. மகளை இழுத்து மடியில் உட்கார வைத்து, கூட்டின் கதவுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். “இது நாங்க. ஏழு பேரு. இது டெய்லரு வீடு. இதுல ஒரு மாமா இருந்தாரு, எப்பப் பார்த்தாலும் புல்லாங்குழல் ஊதுவாரு, யாருக்கும் தூக்கம் வராது. இது…”

“இதற்குள்ளேயா ஏழு பேர்?”

“இதவிடக் கொஞ்சம் பெருசும்மா.”

“எவ்வளவு கொஞ்சம்?”

மச்சான் எழுந்து, புல்லில் கால் வைத்து அளந்து காட்டினார். ரோஷினியும் பின்னாலேயே நடந்து, மூலையில் நின்று திரும்பிப் பார்த்தாள். அவளுடைய படுக்கையறையைவிடச் சின்னது. அவளுக்குத் தெரிந்தது. எங்களுக்கும் அவளுக்குத் தெரிந்தது தெரிந்தது.

“வீட்டை யார் கட்டினார்கள்?”

“கம்பெனி.”

“கோழிகளுக்கு நாம் வீடு கட்டினோம். முட்டையை எடுக்கப் போகிறோம்.” யோசித்து யோசித்துப் பேசினாள். “உங்களிடமிருந்து எதை எடுத்தார்கள்?”

அக்கா என் கையைப் பிடித்தாள். வகுப்புத் தமிழில் சுத்தமாக, ஒரு எழுத்துப் பிசகாமல் வந்த கேள்வி. நாங்கள் யாரும் எங்கள் தமிழில் அதைக் கேட்டதில்லை.

மச்சானின் காலடியில், அவர் அளந்த அந்தக் காம்பரா. “கொழுந்தும்மா,” என்றார். “மலை முழுக்கத் தேயிலை. எங்க அம்மா, உங்க அம்மாவோட அம்மா, எல்லாரும் கூடையக் கட்டிக்கிட்டு எடுத்து எடுத்துக் குடுத்தாங்க. அதுதான் தோட்டம்.”

அந்தச் சொல்லை அவர் வாயால் நான் கேட்டது அப்போதுதான்.

ரோஷினி மூட்டத்துக்குள்ளிருந்து, “நான் அங்கே போக வேண்டும்,” என்றாள். “அந்தத் தொலைக்காட்சி அறையைப் பார்க்க வேண்டும்.” அதற்குப் பிறகு கேள்வி மழை. புல்லாங்குழல் மாமா இப்போது எங்கே, டெய்லர் யாருக்குத் தைத்தார், மழை பெய்தால் தகரம் சத்தம் போடுமா, சண்டை வருமா. அக்கா ஒரு பக்கம், மச்சான் ஒரு பக்கம், டயகம பெரிதா லிந்துலை பெரிதா என்று பதில் சொல்லிச் சொல்லி அடித்துக்கொண்டார்கள். அன்றைக்கு இரவுச் சாப்பாட்டை யாரும் சமைக்கவில்லை. பாண் ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும்தான்.

6

இப்போது ஏப்ரல். மரங்களில் இலைகள் பழுத்து உதிர்கின்றன. பாத்தியில் லீக்ஸ் கை மொத்தத்துக்கு வந்துவிட்டது. நோக்கோலைப் புழு பாதி, நாங்கள் பாதி. கோழிகள் நன்றாக முட்டையிடுகின்றன, இன்னும் ஒரே அறையில்தான் தூங்குகின்றன. காலியாக இருக்கிற ஐந்து காம்பராவில் ஒன்றில் ரோஷினி தன் மழைச் சப்பாத்தை வைக்கிறாள். சனிக்கிழமை வகுப்பில் ‘கான்’ என்று சொல்லி, அங்குள்ள ஆசிரியை ‘வாய்க்கால்’ என்று திருத்த, “எங்கள் தோட்டத்தில் அது கான்,” என்று விட்டுக்கொடுக்காமல் நின்றாளாம். வந்து சொன்னாள். மச்சான் கேட்டுக்கொண்டே ஒரு முட்டையைத் தேய்த்துத் தேய்த்துத் துடைத்துக்கொண்டிருந்தார். சுத்தமான முட்டை அது.

போன சனிக்கிழமை அவரை வீட்டுக்கு முன்பக்கம் கண்டேன். தெருவைப் பார்த்த பக்கம். அங்கேயும் புல்தான். குதிகாலால் ஓரிடத்தில் அழுத்தி அடையாளம் வைத்துக்கொண்டிருந்தார்.

“என்ன மச்சான்?”

“குழி.”

“எதுக்கு?”

“மரம் வைக்கணும் மாப்ள.”

குதிகாலால் இன்னொரு தடவை அழுத்தினார். “லயத்துக்குப் பின்னால லீக்ஸ் போடலாம், கெரட் போடலாம். புடுங்குனா போச்சு. மரம் வச்சா கம்பெனி எடத்தப் புடிக்கிறான்னு அர்த்தம். எங்க அப்பா ஒரு பேரிக் கன்னு வச்சாரு. மொழங்கா ஒசரம் வந்துச்சு. எல மினுமினுன்னு நல்லா இருந்துச்சு. ஒருநாள் பார்க்கிறேன், இல்ல. அவரே புடுங்கிட்டாரு. யாரும் வந்து சொல்லல மாப்ள. சொல்றதுக்கு முன்னாடியே புடுங்கிட்டாரு.”

இங்கே பழக்கன்றுகளை நடுக்குளிரில்தான் நடுவார்களாம். இலை எதுவும் இல்லாமல், வேரில் மண்ணும் இல்லாமல், வெறும் குச்சியாக விற்பார்கள். நான் அன்று மாலையே எல்லாவற்றையும் வாசித்துவிட்டேன். பேரி தனியாகக் காய்க்காது, பக்கத்தில் வேறு இனப் பேரி ஒன்று பூக்க வேண்டும். அதைச் சொன்னதும் மச்சான், “அப்ப ரெண்டா வைப்போம்,” என்றார் உடனே. எத்தனை வருடத்தில் காய்க்கும் என்று கேட்டார். இனத்தைப் பொறுத்து, நாலைந்து வருடமாவது ஆகும் என்றேன். “ஆகட்டும்,” என்றார்.

இரண்டாவது மரத்தை எங்கே வைப்பது என்பதில்தான் இன்னும் முடிவில்லை. வேலியோரமாக, யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் என்கிறார் மச்சான். சொல்லிவிட்டு அவரே வாயை மூடிக்கொள்கிறார். அக்கா வாசலுக்கு நேரே, நட்டநடுவில்தான் வைக்க வேண்டும் என்கிறாள். “வர்றவங்க மரத்தச் சுத்திக்கிட்டு வரட்டும்,” என்கிறாள்.

ரோஷினி நேற்று மம்பட்டியை எடுத்துப் போய், அம்மா சொன்ன இடத்திலேயே புல்லைக் கொத்திவிட்டாள். மச்சான் ஓடிப் போனார். தடுக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். மம்பட்டியை வாங்கி, “இப்படி இல்லம்மா, காலை அகட்டி நில்லு,” என்றார்.